ஜனுவாரியோவுக்கு ஒரு முகம்

மூக்கு சரியில்லை என்று டொமிங்காஸ் அத்தை மறுபடியும் சொன்னாள். தூதர் லுண்ட் ரப்பரை எடுத்துத் தாளில் இருந்த மூக்கைப் பொறுமையாக அழித்துவிட்டு, எதிரே மரப்பலகையில் உட்கார்ந்திருந்த அபிலியோ மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். மாமா காலையிலிருந்து மூக்கு கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வீட்டுக்குப் பின்னால் யாரோ பலகை இழைக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"நீ மூச்ச இழுக்காத அபிலியோ. இழுத்தா மூக்கு வேற மாதிரி ஆவுது. அவனுக்குச் சின்ன துவாரம்."

"மூச்சே விடாம இருந்தா அங்க ரெண்டு பெட்டி செய்யச் சொல்லணும் அக்கா. ஒரு பெட்டிக்குத்தான் பலக வாங்கியிருக்கு."

முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தூதர் என்னைப் பார்த்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்கும் பார்வை. நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவையை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போவது ஆறிய காப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என்று எனக்கு அன்றைக்கும் தெரிந்திருந்தது.

தலைநகர் டிலியில், லுண்டின் தூதரகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. பனி பெய்யும் தேசத்திலிருந்து வந்தவர். அவருடைய நாட்டின் பெயரை எங்கள் மலையில் இரண்டு பேர் ஒரே மாதிரி உச்சரித்து நான் கேட்டதில்லை, அதனால் எல்லோரும் பனிக்காரர் என்றே சொன்னார்கள். தூதர் வேலை பிழைப்புக்கு, ஓவியம் உயிருக்கு என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் நாட்டுக்கு அப்போது இரண்டு வயது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்களைப் போல வெளிநாட்டுக்காரர்கள் வந்து வந்து போன காலம். இவர் மட்டும் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து வரைந்தார். மாவட்டம் மாவட்டமாகப் போய், காப்பிக்கொட்டை காயவைக்கும் பெண்கள், கூரையில்லாத பள்ளிக்கூடம், சந்தைக்கு இறங்கும் குதிரைகள் என்று ஒரு பயணப் புத்தகத்துக்காகக் கரித்துண்டால் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இல்லாமை அவர் கையில் அழகாகிவிடும். அதுதான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம். மற்றபடி மனுஷர் நல்லவர். பெரியவர்கள் உட்காரும்வரை நிற்பார். அவித்த மரவள்ளியை வைத்தால் முகம் சுளிக்காமல் தின்பார்.

எங்கள் மலையூரான இந்த ஹத்துலெலோவுக்கு முதல்முறை வந்தபோது அவர் அபிலியோ மாமாவைத்தான் வரைந்தார். அந்தத் தாள் கைமாறிக் கைமாறி முற்றம் முழுக்கச் சுற்றியது. மாமா குடித்துவிட்டு வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே இருக்கிறது என்று மாமி சொன்னாள். தாள் டொமிங்காஸ் அத்தையின் கைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. அத்தை, மாமாவுக்கு மூத்தவள். வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கண்ணால பாக்காத ஆளையும் இவர் வரைவாரான்னு கேளு" என்றாள்.

அவள் கேட்டது மகன் ஜனுவாரியோவுக்காக. இருபது வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், காப்பித் தோட்டத்தில் நின்றவனை எங்களைப் பிடித்து ஆண்ட நாட்டின் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. எந்தக் குழியில் கிடக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. எங்கள் மலையில் அப்படிப் போனவர்கள் இல்லாத வீட்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மற்ற வீடுகள் எப்படியோ சாவை முடித்துவிட்டன. எலும்பு கிடைத்தால் எலும்பு. கிடைக்காவிட்டால் உடம்பில் பட்ட துணி. அதுவும் இல்லாவிட்டால் ஆற்றங்கரைக் கல். எதையாவது பெட்டியில் வைத்துப் புதைத்து, ஏழாம் நாள் கசப்புப் பூ வைத்து, பிறகு இனிப்புப் பூ வைத்து, ஒரு வருஷம் கழித்துக் கறுப்புத் துணியை அவிழ்த்தால்தான் செத்தவன் மூதாதைகளிடம் போய்ச் சேருவான். அதுவரை அந்த வீட்டில் சாவு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். திறந்த சாவு உள்ள வீட்டில் கல்யாணச் சீர் இறக்கக் கூடாது.

அத்தையின் மகள் எதெல்வினாவின் வாழ்க்கை அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது. ஒருவனோடு வாழ்கிறாள், இரண்டு பிள்ளைகள். ஆனால் அவன் வீட்டார் எருமையும் துணியும் கொண்டுவந்து முறை செய்ய முடியவில்லை, அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பன் வீட்டில் இடமில்லை, ஒரு சடங்கில் பேர் சொல்லி அழைப்பாரில்லை. அத்தையிடம் கேட்டால், சிப்பாய்கள் ஊரைக் கொளுத்தி வீடு எரிந்தபோது போட்டோ, துணிமணி எல்லாம் எரிந்துவிட்டது என்பாள். கல் வை என்றால், "கல்லுக்கு ஏது முகம். எவன் பெத்த கல்லோ" என்பாள். வருஷங்கள் இப்படியே போயின.

முகம் வரைய ஆள் இருக்கிறது என்றதும் ஊரின் சொல்காரர் மாலி-மௌவிடம் போனார்கள். முறை தப்பாமல் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கல்லவிட முகம் மேல்தான். ஆனா ஒண்ண அந்தப் பனிக்காரர்கிட்டத் தெளிவாச் சொல்லிடு பொண்ணு. வரஞ்சு முடிக்கிற வரைக்கும்தான் அது படம். முடிச்சாச்சுன்னா உடம்பு. அப்புறம் அத யாரும் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊர் போகக் கூடாது. பாத்து இன்னொண்ணு எழுதிக்கிறேன்னும் கேக்கக் கூடாது. ஒருத்தனுக்கு ரெண்டு உடம்பு இருந்தா எதோட போறதுன்னு அவனுக்கே தெரியாமப் போயிரும்."

லுண்ட் ஒப்புக்கொண்டார். நாளும் குறித்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள், எருமையைக் கொண்டுவந்து கட்டினார்கள், கோயிலில் ஜெபம் சொல்லுகிறவரும் வந்தார்.

அத்தைக்கு மகனின் முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. மூக்கு எப்படி இருக்கும் என்று லுண்ட் கேட்டதற்கு, "மூக்கு மூக்கு மாதிரிதான் இருக்கும், இவர் ஊர்ல எப்படி இருக்குமோ" என்றாள். பிறகு எங்கள் ஆட்கள் எங்கள் வழியில் தொடங்கினார்கள். பிள்ளையின் முகத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தெரியாத குடும்பமா. மூக்கும் கண்ணும் தாய்மாமன் அபிலியோவுடையது. புருவம் தங்கை எதெல்வினாவுடையது. தாடை அத்தையின் சொந்தத் தாடை. காது அப்பன் வழி, அதற்கு ஒரு சிற்றப்பாவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து, தங்கள் பங்கை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சிற்றப்பா முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். காது மட்டும்தானே என்று யாரோ கேட்டதற்கு, காதுக்குப் பின்னால்தான் அழுக்கு என்றார்.

புருவத்துக்கு உட்கார்ந்த எதெல்வினா சிரிக்கவில்லை. ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அருகே நின்றேன். "அவன் போனப்ப எனக்குப் பன்னண்டு வயசுக்கா. மொகம் ஞாபகமே இல்ல. கொஞ்சம் இருந்துச்சு, அதுவும் போயிருச்சு. எனக்கு இன்னிக்கு இது முடிஞ்சாப் போதும்" என்று மெல்லச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்பது போல லுண்ட் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மூக்கு கடைசியில் அமைந்தது. அத்தை, "ம், இதுதான்" என்றாள். கண்ணுக்கும் அப்படியே, காதுக்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டாள். லுண்ட் கடைசியாகக் கன்னத்தில் நிழலைத் தேய்த்து, நெற்றியை முடித்து, பலகையைத் திருப்பி எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்.

முற்றத்தில் பேச்சு நின்றது. எனக்கு முதலில் புரியவில்லை. நல்ல படம்தான், இந்தக் குடும்பத்து ஆள் என்று கண் தெரியாதவன்கூடச் சொல்லுவான். பிறகுதான் உறைத்தது. மூக்கு கொடுத்தவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்திருந்தது. அத்தையின் தாடையில் தோல் தளர்ந்திருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முகத்தை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு மூப்படைந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். தாளிலிருந்து எங்களைப் பார்த்தவன் நாற்பது வயது மனிதன். காதோரம் நரை. ஒரு நாள்கூடத் தவறாமல் வாழ்ந்து தீர்த்த முகம்.

லுண்டும் புரிந்துகொண்டார். முகம் சிவந்துவிட்டது. "தப்பு என்னோடது. நான் கேட்டிருக்கணும். இளமையாக்கிடலாம், சுருக்கத்த எடுத்தாப் போதும், கொஞ்ச நேர வேலைதான்னு சொல்லுங்க" என்றார் தன் பள்ளிக்கூடத்துப் போர்த்துகீசியத்தில். ரப்பரைக் கையில் எடுத்தார்.

அத்தை எழுந்து வந்து தாளின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். "தொட வேணாம்னு சொல்லு."

"அத்தை, இது அவன் போன வயசு இல்லன்னு..."

"எனக்குக் கண்ணு இருக்கு." அவள் கையை எடுக்கவில்லை. "உயிரோட இருந்தா இன்னிக்கு இப்படித்தான் இருப்பான். இவன் செத்தவன் இல்ல பொண்ணு. காதோரம் நரைச்சிருக்கு பாரு, இவனப் போயி எப்படிப் பொதைக்கிறது?"

பலகையோடு தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பிறகு முற்றம் முற்றமாக இல்லை. ஜெபக்காரர் புத்தகத்தை மூடித் திறந்தார். பெட்டி செய்தவர் சுத்தியலை வைத்துவிட்டு வந்து நின்றார். மாலி-மௌ, முடித்தாயிற்று, அதனால் அது இப்போது உடம்பு, உடம்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு புதைக்காமல் இருந்தால் இந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது என்று சொல்லிவிட்டார். எதெல்வினா கதவைத் தட்டினாள். முதலில் அம்மா என்று கூப்பிட்டபடி விரலால், பிறகு முஷ்டியால், பிறகு உள்ளங்கையை விரித்து.

"அம்மா, அண்ணனுக்கு வயசானது தெரியுதுல்ல. எனக்கும் ஆச்சும்மா. என்னயும் கொஞ்சம் பாரு."

கதவு திறக்கவில்லை. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தேற்றத் தெரியாமல் அபிலியோ மாமா புகையிலையைச் சுருட்டினார், பற்றவைக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

லுண்ட் ஜீப்பின் அருகே நின்றார். கைவிரல்களெல்லாம் கரி. வேலிக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அவர்கள் வீடுகளிலும் முகமில்லாதவர்கள் இருந்தார்கள். அவர் என்னிடம் தாழ்ந்த குரலில், "நாற்பது வருஷமா வரையுறேன். இப்படி ஒண்ணு எனக்கு வந்ததில்ல" என்றார். பிறகு, "அந்த முகத்துலதான் இந்த நாடு இருக்கு. புத்தகத்துக்கு வேற எதுவுமே வேண்டாம். அவங்க புதைக்கப் போறதில்லன்னா, அவங்ககிட்ட ஒரு தடவ..."

"தூதர் அவர்களே," என்றேன். "அதுல நாடு இல்ல. அது ஜனுவாரியோ. இத நான் அவங்களுக்கு மொழிபெயர்க்க மாட்டேன்."

அந்த வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அப்படிச் சொன்னதில்லை. மந்திரிகளின் பொய்யையும் சந்தைக்காரிகளின் வசவையும் ஒரு சொல் குறையாமல் எடுத்துக் கொடுத்தவள் நான். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். சுற்றிவளைத்து இல்லை, நேராக. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார், கரி போகவில்லை.

பனிமூட்டம் மறுபடி இறங்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. அத்தை என்னையும் அவரையும் உள்ளே கூப்பிட்டாள். சுவரில் பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு தட்டில் சோளமும் கீரையும், பக்கத்தில் பாக்கு. தட்டில் ஒரு பக்கம் குறைந்திருந்தது. சாப்பாட்டை அவனுக்கு வைத்துவிட்டு அவளும் அதிலிருந்தே தின்றிருக்கிறாள். நாங்கள் வந்ததைப் பொருட்படுத்தாமல் படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இத்தன வயசாச்சு. தலையும் நரைச்சாச்சு. ஒரு நா வந்து எட்டிப் பாக்கத் தோணல. உன் அப்பா போறப்பக்கூட வாசலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. ஊரெல்லாம் திரும்பி வந்துச்சு. கொடியேத்துன அன்னிக்கு உனக்கும் சேத்துத்தான் ஆக்கி வச்சேன், மறுநா பன்னிக்குப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நல்லாத்தான் இருக்க. உன் மாமன்தான் உன்னவிடக் கெழவனா இருக்கான்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. லுண்ட் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "காலைலேருந்து இவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் பெத்தவ, எனக்குப் பாத்தாக் கண்ணு மறைக்குது. நீங்க சொல்லுங்க. கஷ்டப்பட்டானா?"

நான் மொழிபெயர்த்தேன். டிலியில் இந்த மனுஷரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் கேட்டவரை மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பது அவர் பிழைப்பு. இங்கேயும் அழகாக ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார், அத்தையின் கண்ணுக்கு நேராக.

"எனக்குத் தெரியலம்மா. நான் அவரப் பாத்ததில்ல. உங்க தம்பியோட கண்ணப் பாத்துத்தான் வரஞ்சேன்." நான் அதை அப்படியே சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார். "ஆனா கை போன போக்குல வந்தது, ரொம்ப அசந்துபோன ஒரு ஆள். ரொம்பத் தூரம் நடந்து வந்தவர் மாதிரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

அத்தை குனிந்து தாளைப் பார்த்தாள். கண்ணருகே விரலை வைத்தாள், தொடாமல். வெளியே யாரோ இருமினார்கள்.

"அசந்துதான் போயிருக்கான்" என்றாள். "அப்ப படுக்கட்டும்."

பெட்டியை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபக்காரர் தொடங்க, தாளைப் பலகையிலிருந்து கழற்றி அத்தையே உள்ளே கிடத்தினாள். வெறும் தாள் பெட்டியின் அடியில் சின்னதாகத் தெரிந்தது. துணி ஒன்று போர்த்த வேண்டும் என்றார் மாலி-மௌ, ஏதாவது ஆம்பளத் துணி. யாரோ ஒரு சால்வையை எடுத்து நீட்டினார்கள். அத்தை அதை வாங்கவில்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்க நேரமானது. உள்ளே நீலக் கோடு போட்ட சட்டை.

அது யாருடையது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எலும்பு இல்லாவிட்டால் உடம்பில் பட்ட துணி. வீடு எரிந்த அன்று காட்டுக்கு ஓடும்போது அவள் எடுத்துக்கொண்டு ஓடியது இதைத்தான். இந்தச் சட்டையைக் கொடுத்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். எரிந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் அவனைப் புதைக்கவிடாமல் வைத்திருந்திருக்கிறாள். எதெல்வினா அம்மாவையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது.

அத்தை சட்டையின் தோள்களைப் பிடித்து விரித்து, பெட்டிக்குள் அந்த முகத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள். காலரை இழுத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள்.

"பத்தாது" என்றாள். "இது சின்னப் பையன் சட்ட. இவனுக்குத் தோளு கொள்ளாது."

அபிலியோ மாமா பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் சட்டையை உதறி மடித்து அக்காவிடம் கொடுத்தார். அத்தை அதைத் தாளின் மேல் போர்த்தினாள், கழுத்துவரைக்கும், தூங்குகிற ஆளுக்குப் போர்த்துவது போல. மூடியை வைத்தார்கள். மாலி-மௌ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போகச் சொன்னார். லுண்ட் வாசலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

ஆணி இறங்கும் சத்தத்தில் மாமா வெற்று மேலோடு குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அத்தை தரையில் உட்கார்ந்து நீலக்கோட்டுச் சட்டையை என்ன செய்வதென்று தெரியாதவள்போல மடியில் வைத்திருந்தாள். எதெல்வினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் மடியிலிருந்து சட்டையின் ஒரு கையை மட்டும் இழுத்துத் தன் முழங்கால் மேல் போட்டு, வருஷக்கணக்கில் விழுந்திருந்த மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.